ஒரே கடை, இரண்டு சமையல்

பரிஸில் இருபது, முப்பது வருடங்களாக இருப்பவர்களிடம் "பிரெஞ்சுக் கடையிலை போய்ச் சாப்பிட்டிருக்கிறீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். "ஒருக்காப் போனனான். உப்புமில்லை, புளியுமில்லை. காசை மட்டும் நல்லா எடுத்தாங்கள்." அதோடு அந்தக் கதை முடிந்துவிடும். அந்த "ஒருக்கா" என்ற சொல்லைப் பற்றித்தான் இம்மாத உரையில் பேசப்போகிறேன். அந்த ஒருக்கா மதியமா, இரவா? பலகையைப் பார்த்துக் கேட்டதா, புத்தகம் போன்ற மெனுவைப் பார்த்துக் கேட்டதா? இதை யாரும் சொல்வதில்லை, கேட்பவர்களும் கேட்பதில்லை.

எனக்கு இது விளங்கியது பதினோராம் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய கடையால். பெயரைச் சொல்லமாட்டேன், ஏனென்று பிறகு விளங்கும். சென்ற வருடம் ஓர் இரவு நானும் மனைவியும் அங்கே போனோம். மெனுவை எண்ணிப் பார்த்தேன், முப்பத்துநான்கு சாப்பாடுகள். நான் சமன் மீன் எடுத்தேன். மீனின் ஓரங்கள் தோல்போல இறுகி இருந்தன, நடுப்பகுதி குளிராக இருந்தது. மனைவிக்கு வந்த சோஸ் தட்டின் ஒரு பக்கம் கொதித்தது, மறுபக்கம் ஆறிக் கிடந்தது. கடையில் எங்களோடு சேர்த்து இருபத்தைந்து பேர்வரை இருந்திருப்போம். இரண்டு பேருக்கும் எழுபது யூரோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அந்த இரவைப் பற்றி நான் அன்று நினைத்ததில் ஒரு சொல்லைக்கூட இன்றும் மாற்றமாட்டேன். அந்தக் காசுக்கு அந்தச் சாப்பாடு மோசம்.

இந்த வருடம் மார்ச்சில் எங்கள் வேலைத்தலத்தில் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருக்கு மதியச் சாப்பாடு கொடுப்பதென்று முடிவாகி, இடம் பதிவு செய்தது அதே கடையில். பதினைந்து வருடம் கூட வேலை செய்த மனிசன், போகாமல் விட முடியாது. வாசலில் ஒரு கறுப்புப் பலகை. அதில் சுண்ணக்கட்டியால் இரண்டே இரண்டு சாப்பாடு எழுதியிருந்தது. ஒன்று மீன், மற்றது பூலே பாஸ்கேஸ். அதாவது பாஸ்க் நாட்டு முறையில் கோழி: வெங்காயம், தக்காளி, கறிமிளகாய் எல்லாம் வதக்கி, அதற்குள் கோழித்துண்டுகளைப் போட்டு மெதுவாக வேகவிடுவது. காரத்துக்கு எஸ்பெலெத் என்ற ஊரின் மிளகாய்த்தூள் போடுவார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து அந்த மிளகாய்க்கு ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு வெளியே விளைந்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது. எங்கள் தனிமிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் அது குழந்தைப்பிள்ளைதான். ஆனால் அந்தக் கோழியில் எலும்புவரை சாரம் இறங்கியிருந்தது. குழம்பைப் பாண் தொட்டு வழித்துச் சாப்பிட்டேன். முன்னுணவோடு சேர்த்து 17 யூரோ 50 சதம்.

அதே கடை, அதே அடுப்பு, அதே முதலாளி. ஒரு சமையலறையிலிருந்து இப்படி இரண்டு விதமான சாப்பாடு எப்படி வருகிறது?

எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இந்த நாட்டில் முதல் சம்பளம் எடுத்ததே கோப்பை கழுவித்தான். ஆகவே நான் சொல்லப்போவது பலருக்குத் தெரிந்த விடயமாக இருக்கும். ஆனால் உள்ளே நின்று பார்த்தவர்கள் வெளியே மேசையில் இருந்து சாப்பிடும்போது அதை மறந்துவிடுகிறோம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். முப்பத்துநான்கு சாப்பாடு, இருபத்தைந்து வாடிக்கையாளர். ஒரு சாப்பாட்டுக்கு ஓர் ஆள்கூட இல்லை. யார் எதைக் கேட்பார்கள் என்று தெரியாது. முப்பத்துநான்கையும் பச்சையாக வாங்கி வைத்தால் அடுத்த நாள் முக்கால்வாசி குப்பைக்குத்தான் போகும். ஆகவே நீளமான மெனு வைத்திருக்கும் சின்னக் கடைக்கு வழி ஒன்றுதான்: பிறீசரும் காற்று நீக்கிய பைகளும். தொழிற்சாலையில் சமைத்து, பொதி செய்து, பாரவூர்தியில் வருகிறது. சமையலறையில் நிற்பவர் பையை வெட்டிச் சூடாக்கித் தட்டில் ஊற்றி, மேலே கொஞ்சம் பார்ஸ்லி தூவுகிறார்.

மதியத்தில் இந்தக் கணக்குத் தலைகீழாகிறது. பன்னிரண்டே காலிலிருந்து இரண்டு மணிக்குள் சுற்றுவட்டாரக் காரியாலயங்களில் இருந்து ஏறக்குறைய அதே ஆட்கள் வருகிறார்கள். எத்தனை பேர் என்று முதலாளிக்கு நாலைந்து தட்டு வித்தியாசத்தில் தெரியும். இரண்டு சாப்பாடுதான் என்பதால் ஒரு பெட்டி கோழி, ஒரு பெட்டி மீன் வாங்கினால் போதும். எது மலிவாகவும் நல்லதாகவும் கிடைக்கிறதோ அதுவே அன்றைய பிளா து ஜூர், அதாவது அன்றைய சாப்பாடு. பரிஸின் நடுவில் இருந்த மொத்தச் சந்தையை 1969இல் றன்ஜிஸுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து கடைக்காரர்கள் விடியமுன் அங்கே போய்த்தான் பார்த்து எடுக்கிறார்கள், அல்லது அங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பவரிடம் வாங்குகிறார்கள். பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவது ஏதோ பழைய ஸ்ரைல் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு அதை அழிக்கவேண்டும், அதனால்தான் சுண்ணக்கட்டி.

இன்னொன்று, சாப்பாட்டின் தன்மை. கோழிக் குழம்பு ஒன்பது மணிக்கு அடுப்பில் ஏறி, பதினொன்றுக்கு இறங்கி, பன்னிரண்டரைவரை மூடியபடி இருந்தால் அதற்கு நட்டமில்லை, லாபம்தான். காலையில் வைத்த மீன்குழம்பு பின்னேரம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மதியப் பலகையில் வருபவை பெரும்பாலும் இப்படிக் காத்திருக்கக்கூடிய சாப்பாடுகள். இரவு மெனுவில் இருப்பவையோ உடனே சுட்டு உடனே சாப்பிடவேண்டியவை. அவற்றை நன்றாகச் செய்ய அடுப்படியில் ஆள்பலம் வேண்டும். ஆள்பலம் இல்லாத இடத்தில் மைக்றோவேவ் வந்து நிற்கிறது.

என்னுடைய சமன் மீனின் குளிர்ந்த நடுப்பகுதிக்கும் காரணம் இருக்கிறது. மைக்றோ அலை உணவுக்குள் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்குத்தான் நன்றாகப் போகும். தண்ணீர் அந்த அலையை நன்றாக உறிஞ்சும், பனிக்கட்டி மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆகவே முதலில் உருகிய ஓரம் மேலும் மேலும் சூடாகி இறுகிப் போகிறது, உருகாத நடுப்பகுதி அப்படியே கிடக்கிறது. ஓரம் தோலாகவும் நடு குளிராகவும் மீன் வந்தால், அது எந்தக் கடையாக இருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இந்த நாட்டில் மதியச் சாப்பாட்டுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1967இல் ரிக்கற் ரெஸ்ரோ என்ற சாப்பாட்டுச் சீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். சீட்டின் பெறுமதியில் ஐம்பது முதல் அறுபது வீதத்தை வேலை கொடுப்பவர் கட்டவேண்டும். வேலை செய்யும் இடத்திலேயே இருந்து சாப்பிடுவதைத் தொழிற்சட்டம் தடுத்தே வைத்திருந்தது. 2021இல் கொரோனாவுக்காகத்தான் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். இதனால் மதியத்தில் ஆட்கள் தெருவுக்கு இறங்குகிறார்கள். நாளைக்கும் வரவேண்டிய ஆள் என்பதால் கடைக்காரர் மதியத்தில் ஏமாற்ற மாட்டார். இரவில் வரும் உல்லாசப் பயணி மறுபடி வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். கசப்பாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஓய்வு பெற்றவருக்குப் பரிசு கொடுத்து, கோப்பி குடித்து முடிய இரண்டரை மணி ஆகிவிட்டது. கோழி நல்லாயிருந்தது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி சமையலறைப் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டார். ஏப்ரனில் கை துடைத்தபடி வந்தவர் எங்கள் தம்பி ஒருவர். வடமராட்சிப் பக்கம். வந்து ஒன்பது வருடமாம். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, இப்போது மதியச் சமையல் முழுவதும் அவர் பொறுப்பு.

"தம்பி, நான் உங்கை இரவிலை வந்து சாப்பிட்டனான். இதே கடையோ எண்டு யோசிக்கிறன்" என்றேன்.

"அண்ணை, இரவிலை நான் நிக்கிறேல்லை. காலமை எட்டுக்கு வந்தா மூண்டரைக்குப் போயிடுவன். இரவு ஒரு பெடியன் மட்டும். அவனைக் குறை சொல்லேலாது. அவனுக்கு முன்னாலை இருக்கிறது கத்தரிக்கோலும் மைக்றோவேவும்தான்" என்றார்.

பிறகு தன் கைபேசியை எடுத்துக் கடைக்குக் கிடைத்திருக்கும் நட்சத்திரப் புள்ளிகளைக் காட்டினார். ஐந்துக்கு மூன்றைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கீழே இருந்த கருத்துகளை நானும் தட்டிப் பார்த்தேன். குளிர்ந்த மீன், பிந்தி வந்த சாப்பாடு, இறுகிய இறைச்சி. நேரத்தைக் குறிப்பிட்டிருந்தவை எல்லாம் இரவு. தினமும் மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் எதற்குக் கைபேசியை எடுத்து எழுதப்போகிறார்? அவருக்கு அது வீட்டுச் சாப்பாடு மாதிரி. எழுதுபவர் ஒரு முறை வந்தவர், அதிலும் கோபத்தோடு போனவர்.

இந்தப் புள்ளி வெறும் விளையாட்டு இல்லை. ஹார்வர்ட்டைச் சேர்ந்த மைக்கல் லூக்கா அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து உணவகங்களை வைத்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். யெல்ப் என்ற தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் தனிக்கடைகளின் வருமானம் ஐந்து முதல் ஒன்பது வீதம் கூடுகிறது என்று அதில் கண்டார். பெயர்பெற்ற சங்கிலிக் கடைகளுக்கு அந்த மாற்றம் இல்லை. அதாவது அடி விழுவது சின்னக் கடைக்குத்தான். அடுத்த தெருவில் புதிதாக ஒரு காரியாலயம் வந்திருக்கிறதாம். அங்குள்ளவர்கள் கைபேசியைப் பார்த்துவிட்டுத் தங்கள் கடையைக் கடந்து போவதாகத் தம்பி சொன்னார். மதியத் தட்டுகள் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது அவருடைய மணித்தியாலங்கள். விசா அட்டை புதுப்பிக்கச் சம்பளத் துண்டு வேண்டும். ஊரில் தங்கச்சியின் படிப்பும் அவர் கையில். தான் சமைக்காத ஒரு மீனுக்காக அவர் பயந்துகொண்டு இருக்கிறார்.

முதல் அபிப்பிராயம் ஏன் இவ்வளவு உறுதியாக ஒட்டிக்கொள்கிறது என்பதற்குப் பழைய பரிசோதனை ஒன்று உண்டு. உளவியலாளர் சொலமன் ஆஷ் 1946இல் செய்தது. ஒரு மனிதரைப் பற்றி ஆறு சொற்கள்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். ஒரு குழுவுக்கு இந்த வரிசையில் வாசித்தார், மற்றக் குழுவுக்குப் பின்னாலிருந்து முன்னாக வாசித்தார். சொற்கள் ஒன்றுதான். ஆனாலும் புத்திசாலி என்று தொடங்கிக் கேட்டவர்கள் அந்த மனிதரை நல்லவிதமாக எண்ணினார்கள், பொறாமை என்று தொடங்கிக் கேட்டவர்கள் அப்படி எண்ணவில்லை. முதலில் வந்த சொல் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் நிறம் பூசிவிடுகிறது. அன்று மதியம் நானும் அந்தப் பழைய மீனின் ஞாபகத்தோடுதான் கதிரையில் இருந்தேன். முதல் இரண்டு கரண்டி கோழி உள்ளே போகும்வரை நாக்கு நம்பவில்லை.

உணவகங்களைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிறெய்க் கிளெய்போர்ன் 1957இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் உணவுப் பகுதிக்குப் பொறுப்பாக வந்தார். பெயர் சொல்லாமல் போவது, பத்திரிகையின் காசில் சாப்பிடுவது, ஒரு முறை சாப்பிட்டதை வைத்து எழுதாமல் பல முறை போவது என்பவை அவரோடு நிலைத்த வழக்கங்கள். அதே பத்திரிகையில் 1993இல் ரூத் றைக்கிள் என்ற பெண்மணி இன்னும் ஒரு படி மேலே போனார். ல சேர்க் என்ற பெரிய உணவகத்துக்கு வேடம் மாற்றிச் சாதாரணப் பெண்ணாகவும் போனார், தன்னை அடையாளம் காணக்கூடியவாறும் போனார். இரண்டு விதமான உபசரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி, நான்கு நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்தார். அதில் எனக்குப் பிடித்த விடயம், எது உண்மையான கடை என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை, இரண்டையும் எழுதினார். எங்களால் வேடம் போட்டுக்கொண்டு திரிய முடியாது. ஆனால் "இரவு போனேன்", "மதியம் போனேன்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லக் காசு தேவையில்லை.

இந்த இடத்தில் லாச்சப்பலையும் சொல்லவேண்டும். எங்கள் கடைகளில் சட்டம் அதேதான், நேரம்தான் வேறு. சோறு கறி காலையில் சமைத்தது. பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் சாப்பிட்டால் அதன் அருமை தெரியும். அதையே இரவு எட்டு மணிக்குப் போய்க் கேட்டுவிட்டுக் "கறி சரியில்லை" என்றால் எப்படி? கொத்துரொட்டி அதற்கு எதிர்மாறு. தகட்டில் அப்போதே அடித்துத் தருவது. ஆகவே அது இரவுக்குரியது. மதியத்தில் பெட்டிக்குள் வியர்த்துக்கொண்டு இருக்கும் கொத்து, கொத்தே இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் கடைகளில் மரக்கறிச் சாப்பாட்டுக்கு நல்ல ஓட்டம். அதே வெள்ளிக்கிழமை பிரெஞ்சுப் பலகையில் மீன் எழுதியிருக்கும், அது கத்தோலிக்கப் பழக்கம். இரண்டு இடத்திலும் அன்றைக்குக் கேட்பவர் அதிகம், ஆகவே சரக்கும் புதிது.

பிரெஞ்சுக் கடைக்கு மதியம் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மெனுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பலகையைப் பாருங்கள். வீட்டுக்கூரை வடிவ மூடியுள்ள ஒரு சட்டிப் படம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அது 2014இல் வந்த "பே மெசோன்" அடையாளம். பச்சைப் பொருளிலிருந்து கடையிலேயே சமைத்தது என்று பொருள். உறைய வைத்த மீனாக இருந்தாலும், பச்சை மீனாக வந்து அங்கே சமைக்கப்பட்டிருந்தால் அந்தப் படத்தைப் போடலாம். ஆகவே அது புதுமீனுக்கு உத்தரவாதம் அல்ல, சமையலுக்குத்தான் உத்தரவாதம். மேசைத் தண்ணீருக்கும் பாணுக்கும் காசு இல்லை. "கராப் தோ" என்று கேளுங்கள், போத்தல் தண்ணீரைத் தலையில் கட்ட விடாதீர்கள். 2022இலிருந்து இலவசத் தண்ணீர் கேட்கலாம் என்பதைக் கடைக்காரர் கண்ணில் படும்படி எழுதி வைக்கவேண்டும். சேவைக்கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது. பில் தானாக வராது, கேட்டால்தான் வரும். இருக்கும் ஆளை எழுப்புவது மரியாதையில்லை என்பது இவர்கள் பழக்கம். மாட்டிறைச்சி, பன்றி சாப்பிடாதவர்கள் உள்ளே போகுமுன் பலகையின் முன் நின்று பரிசாரகரிடம் கேட்டுவிடுவது நல்லது. சில குழம்புகளில் பன்றித்துண்டு வாசனைக்குப் போடுவார்கள், பெயரில் அது தெரியாது.

மதியத்திலும் எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. மேசைகள் முழங்கை இடிக்கும் அளவுக்கு நெருக்கம். ஐம்பது நிமிடத்தில் எழும்பவேண்டும். அங்கே தந்த கரமல் புடிங் கடையில் வாங்கியது, சந்தேகமேயில்லை. பக்கத்து மேசைக்குப் போன மீனை நான் சாப்பிடவில்லை, ஆகவே அதைப் பற்றிப் பேசமாட்டேன்.

மார்ச்சுக்குப் பிறகு இன்னும் மூன்று முறை அங்கே மதியம் போய்வந்தேன். ஒருநாள் லீக்ஸ் போட்ட மீன், நன்றாக இருந்தது. ஒருநாள் பருப்பும் சொசேஜும், சுமார். மூன்றாம் நாள் மறுபடி அந்தக் கோழி. அன்றைக்குத் தம்பி ஒரு புதுக் கதை சொன்னார். இரவு மெனுவை எட்டுச் சாப்பாடாகக் குறைப்போம், நான் மதியமே அடிப்படைச் சமையலை முடித்து வைக்கிறேன் என்று முதலாளியிடம் பல மாதமாகக் கேட்டுக்கொண்டு இருந்தாராம். உல்லாசப் பயணிகளுக்கு நீளமான மெனுதான் பிடிக்கும் என்று முதலாளி மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். இப்போது செவ்வாய், புதன் இரண்டு இரவுகளுக்கு மட்டும் செய்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அந்த நாட்களில் தம்பி மூன்றரைக்கு வீட்டுக்குப் போக முடியாது. பின்னேரம் இரண்டரை மணித்தியாலம் சம்பளமில்லாத இடைவெளி, பிறகு இரவு பத்தரைவரை அடுப்படி. "பரவாயில்லை அண்ணை, புள்ளி கொஞ்சம் ஏறட்டும்" என்றார். நானும் மனைவியும் அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை இரவுக்கு மேசை சொல்லி வைத்திருக்கிறோம்.